புது டிடெக்டரும் பின்பாயிண்டரும்: அறிகுறியிலிருந்து கோளாறுக்குப் போகும் வழி

இங்கிலாந்தின் தென்கிழக்கு வயல்களில், அறுவடை முடிந்ததும் நில உரிமையாளரின் அனுமதியோடு டிடெக்டர், அதாவது உலோகம் கண்டறியும் கருவி, பிடித்து நடப்பது என் பொழுதுபோக்கு. தோண்டிய குழிக்குள் இலக்கு இருக்கும் இடத்தைத் துல்லியமாகக் காட்டும் சிறு கைக்கருவிதான் பின்பாயிண்டர். சந்தைக்குப் புதிதாக ஒரு கருவி வந்தால், பழையதோடு ஒப்பிட்டுச் சொல்லும்படி கூட நடக்கும் நண்பர்கள் அதை என்னிடம் கொடுப்பார்கள். அவ்வாறு ஒப்பிடும்போது "இது பழுது, திருப்பி அனுப்பிவிடலாம்" என்ற பேச்சு ஒவ்வொரு முறையும் எழும். பழுது என்று என் கைக்கு வந்தவற்றில் உண்மையிலேயே பழுதாகி இருந்தவை மிகச் சில. மற்றவற்றில் எல்லாம் சோதித்த இடமோ, சோதித்த காசோ, பக்கத்தில் கிடந்த இன்னொரு கருவியோதான் காரணமாக இருந்தது. ஆகவே கீழே ஒவ்வோர் அறிகுறிக்கும் செலவில்லாத காரணத்தை முதலிலும், பணம் கரைக்கும் காரணத்தைக் கடைசியிலும் வைத்திருக்கிறேன். வரிசையைத் தாண்டிப் போக வேண்டாம்.

எதையும் தொடங்கும் முன் மூன்று காரியங்களைச் செய்துவிடுங்கள். ஒப்பிடும் இரு கருவிகளில் ஒன்றை முழுமையாக அணைத்துவிட்டுத்தான் மற்றொன்றை இயக்க வேண்டும். இரண்டையும் தொழிற்சாலை அமைப்புக்குத் திருப்பிவிட வேண்டும். சோதனையை வீட்டுக்குள் நடத்தக் கூடாது. தரைப்பலகையின் ஆணிகள், சுவரில் ஓடும் மின்கம்பி, தொலைக்காட்சி, எல்.இ.டி. விளக்கு ஆகியவற்றுக்கு நடுவே எந்த டிடெக்டரும் நேர்மையான பதில் தராது.

அறிகுறி 1: மண்ணில் ஒன்றுமில்லை, டிடெக்டர் ஓயாமல் கத்துகிறது

முதலில் ஒரு சோதனை. காயிலை, அதாவது தண்டின் அடியில் உள்ள உணரும் தலையை, இடுப்பளவு உயரத்துக்குத் தூக்கி, அசைக்காமல் பத்து எண்ணும்வரை பிடித்திருங்கள். சத்தம் தொடர்கிறதா, அடங்கிவிடுகிறதா என்பதைப் பொறுத்து வழி இரண்டாகப் பிரியும்.

*அசைக்காமல் பிடித்தும் சத்தம் தொடர்ந்தால்*

இது வெளியிலிருந்து வரும் மின் குறுக்கீடு. சட்டைப்பையில் இருக்கும் கைப்பேசியை விமானப் பயன்முறைக்கு மாற்றுங்கள். திறன் கடிகாரத்தையும் மறக்க வேண்டாம். அடுத்து, அருகில் வேறு டிடெக்டர் ஏதேனும் இயங்குகிறதா என்று பாருங்கள். எசெக்ஸ் பக்கம் ஒரு கோதுமைத் தாள்வயலில், நண்பர் வாங்கிய புதுக் கருவியை அரை நாள் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். உணர்திறனைக் குறைத்தேன், அலைவரிசையை மாற்றினேன், மூன்று முறை கிரவுண்ட் பேலன்ஸ் (மண்ணுக்கேற்பக் கருவியைச் சமன்செய்தல்) செய்தேன், அடங்கவில்லை. பையிலிருந்து தண்ணீர் எடுக்கக் குனிந்தபோதுதான், வேலியோரப் புல்லில் சாய்த்து வைத்திருந்த என் பழைய டிடெக்டரின் திரை இன்னும் எரிந்துகொண்டிருப்பது கண்ணில் பட்டது. அதை அணைத்த கணத்தில் புதுக் கருவி அமைதியானது. அந்த அரை நாளில் அந்தக் கருவியைப் பற்றி நான் எழுதிவைத்த குறிப்புகள் அனைத்தையும் கிழித்துப் போட வேண்டியதாயிற்று.

சத்தம் ஏறத்தாழ நொடிக்கு ஒரு முறை, கடிகாரம்போல் சீராக வந்தால், பக்கத்து மேய்ச்சல் நிலத்தின் மின்வேலியைத் தேடுங்கள். உறுமலாக நீண்டு வந்தால் தலைக்கு மேல் உயர் அழுத்த மின்கம்பி செல்கிறதா என்று நிமிர்ந்து பாருங்கள். இரண்டிலுமே கருவியின் குறுக்கீடு நீக்கும் வசதியை, காயிலை தரையைத் தொடாமல் அசையாது பிடித்தபடி இயக்க வேண்டும். பலர் நடந்துகொண்டே அந்தப் பொத்தானை அழுத்திவிட்டு, அது வேலை செய்யவில்லை என்கிறார்கள். அதற்கும் அடங்காவிட்டால் பல அலைவரிசைப் பயன்முறையிலிருந்து ஒற்றை அலைவரிசைக்கு மாறிப் பாருங்கள். மைன்லேப் எக்வினாக்ஸ் 800 கருவியில் 5, 10, 15, 20, 40 கிலோஹெர்ட்ஸ் என ஐந்து தெரிவுகள் உண்டு. ஒன்றில் இரைச்சலாக இருக்கும் இடம் இன்னொன்றில் அமைதியாக இருப்பது வழக்கம். உணர்திறனைக் குறைப்பது இதற்கெல்லாம் பிறகு வரும் கடைசி வழி.

இருநூறு மீட்டர் தள்ளிப் போய் நின்றும், வேறொரு நாளில் வேறொரு வயலில் வைத்துப் பார்த்தும் அசையாத காயில் கத்துகிறது என்றால் மட்டும் காயிலையோ கட்டுப்பாட்டுப் பெட்டியையோ சந்தேகிக்கலாம்.

*காயிலை வீசும்போது மட்டும் சத்தம் வந்தால்*

காயில் கேபிளைப் பாருங்கள். தண்டில் தொளதொளவென்று சுற்றப்பட்டு, வீசும்போது காயிலுக்கு மேல் ஊசலாடும் கேபிள் தானே ஒரு சமிக்ஞையாகிவிடும். காயிலிலிருந்து புறப்படும் இடத்தில் மடக்குவதற்குப் போதுமான தளர்வு விட்டு, அதற்கு மேல் பட்டையால் இறுக்கிக் கட்டுங்கள். அடுத்து உங்கள் காலணி: முன்பகுதியில் எஃகுத் தொப்பி வைத்த பாதுகாப்புக் காலணியோடு நடந்தால், காயில் உடலருகே வரும்போதெல்லாம் கத்தும். ஒரே பக்க வீச்சில் மட்டும் சத்தம் வந்தால் இதுவோ, இடுப்பில் தொங்கும் மண்வெட்டியோ காரணம்.

காயிலின் அடியுறையைக் கழற்றிப் பார்ப்பது மூன்றாவது. காயிலுக்கும் உறைக்கும் நடுவே ஈரமண் மாவாகப் படிந்திருக்கும். கடற்கரைக்குப் போய்வந்தது என்றால் காந்தத்தில் ஒட்டும் கருமணலும் அதில் கலந்திருக்கும். துடைத்து, உலரவிட்டு, உறை இல்லாமலே ஒரு முறை வீசிப் பாருங்கள்.

பிறகுதான் கிரவுண்ட் பேலன்ஸ். உலோகமில்லாத ஓரிடத்தைத் தேர்ந்து, பொத்தானை அழுத்தியபடி காயிலை முழங்காலுக்குச் சற்றுக் கீழிருந்து தரைக்கு மிக அருகே வரை மேலும் கீழுமாக இறக்கி ஏற்ற, திரையிலுள்ள எண் ஓரிடத்தில் நிலைகொள்ளும். அது நிலைகொள்ளாமல் தாவினால் கீழே உலோகம் இருக்கிறது. இரண்டடி தள்ளிப் போய்ச் செய்யுங்கள். ஒரு கருவியைச் சமன்செய்துவிட்டு, மற்றதைச் செய்யாமல் ஒப்பிடுவது என் கண்ணில் அடிக்கடி படும் தவறு. உப்புநீர் ஊறிய கடல்மணலில் ஒற்றை அலைவரிசைக் கருவி தடுமாறும். அங்கே அதைப் பல அலைவரிசைக் கருவியோடு நிறுத்தி மதிப்பெண் போடுவதில் பொருளில்லை.

இவ்வளவும் சரியாக இருந்தால் காயிலைச் சோதிக்கலாம். திறந்த வெளியில் காயிலை மரப்பெட்டி ஒன்றின்மேல் கிடத்தி, அதன் விளிம்பை விரல் நுனியால் சுற்றிலும் மெல்லத் தட்டுங்கள். நல்ல காயில் பேசாமல் இருக்கும். உள்ளே விரிசல் கண்டது குறிப்பிட்ட ஓரிடத்தில் தட்டும்போதெல்லாம் கீச்சிடும். இணைப்பானையும் கழற்றி ஊசிகள் வளைந்திருக்கின்றனவா, பச்சை பூத்திருக்கின்றனவா என்று பாருங்கள். வளைந்த ஊசியைக் குறடால் நிமிர்த்த முயல வேண்டாம். அதே மாடல் வைத்திருக்கும் நண்பரின் காயிலை மாட்டிப் பார்த்து, சத்தம் போய்விட்டால் உங்கள் காயில்தான் பழுது என்பது உறுதி. இணைப்பான் ஒன்றுபோலத் தெரிகிறது என்று வேறு மாடலின் காயிலைப் பொருத்தக் கூடாது. காயிலுக்குள் பிசின் ஊற்றி அடைத்திருப்பதால் வீட்டில் திறந்து சரிசெய்ய வழியில்லை. விற்பனையாளரிடம் அனுப்ப வேண்டிய கட்டம் இது.

அறிகுறி 2: ஒரே காசுக்கு இரு கருவிகளும் வெவ்வேறு எண் காட்டுகின்றன, அல்லது எண் தாவுகிறது

எந்த வகை உலோகம் என்பதைக் குறிக்கத் திரையில் தோன்றும் எண்கள் கருவிக்குக் கருவி வேறுபடுவது கோளாறே அல்ல. எக்வினாக்ஸ் 800 கருவியின் அளவுகோல் 40 வரை, நொக்டா லெஜண்ட் 60 வரை, எக்ஸ்.பி. டியூஸ் 2 கருவியும் எக்வினாக்ஸ் 900 கருவியும் 99 வரை. ஒன்றின் 30ஐ இன்னொன்றின் 30 என்று எண்ணிக்கொண்டால் ஒப்பீடு முழுவதும் வீணாகும்.

எண் தாவுகிறது என்றால், கையிலுள்ள காசை ஒரு காந்தத்தில் ஒட்டிப் பாருங்கள். புதுக் கருவி வாங்கியவர்கள் சட்டைப்பையில் இருக்கும் ஒரு பென்னியையோ இரண்டு பென்ஸையோ புல்லில் போட்டுச் சோதிக்கிறார்கள். 1992 முதல் அவை செம்புப் பூச்சிட்ட எஃகு. 2012 முதல் ஐந்து, பத்து பென்ஸ் காசுகளும் நிக்கல் பூச்சிட்ட எஃகு. மேலே செம்பு, உள்ளே இரும்பு என்னும் அந்தக் காசுக்கு எண் நிலையாக நிற்காது. ஒரு வீச்சில் இரும்பென்றும் மறு வீச்சில் உயர்ந்த எண்ணென்றும் காட்டும். கருவி சரியாகத்தான் சொல்கிறது. காந்தத்தில் ஒட்டாத பழைய வெண்கல இரண்டு பென்ஸ் ஒன்றையும், 1947க்கு முந்தைய சிறு வெள்ளிக்காசு ஒன்றையும் சோதனைக்கென்றே தனியாக வைத்துக்கொள்ளுங்கள். நான் அவற்றோடு ஒரு வளைந்த இரும்பாணியையும் பழைய ஃபிலிம் டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன். கருவிகளை ஒப்பிட இந்த மூன்றைத் தவிர வேறெதுவும் எனக்குத் தேவைப்பட்டதில்லை.

நல்ல காசுக்கும் எண் தாவினால், பக்கத்தில் இரும்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இலக்கின்மேல் ஒரு திசையில் வீசுங்கள். பிறகு கால்வட்டம் சுற்றி வந்து, குறுக்குத் திசையில் வீசுங்கள். இரு திசையிலும் ஒரே சத்தம் என்றால் நல்ல உலோகம். குறுக்கே வீசியதும் சத்தம் உடைந்து முனகலானால், அல்லது இடம் ஒரு சாண் நகர்ந்துவிட்டால், அது பெரும்பாலும் ஆணி. வளைந்த ஆணியும், நடுவில் துளையுள்ள தட்டையான இரும்பும் எந்த விலைக் கருவியையும் ஏமாற்றும். பழைய நீராவி உழவு இயந்திரங்கள் ஓடிய வயல்களில் கிடக்கும் கருங்கரித் துண்டுகளும் அப்படியே. கைக்கு எடையே இல்லாத அந்தக் கரி, நல்ல உலோகத்தின் எண்ணைக் காட்டிக் குழி தோண்ட வைக்கும்.

ஆழம் கூடக்கூட எண் கீழோ மேலோ வழுகுவது எல்லாக் கருவிகளுக்கும் இயல்பு. ஆனால் காற்றில், காயிலுக்கு ஒரு சாண் தூரத்தில், வெண்கலக் காசுக்கே எண் நிற்காமல் ஓடினால் மென்பொருளைப் பாருங்கள். புதுப்பித்தல் பாதியில் அறுந்திருக்கலாம். அப்படி அறுந்த ஒன்றிரண்டுக்குக் காரணம் கேபிள்தான் என்பதைக் கண்டிருக்கிறேன், ஏனெனில் சில யூ.எஸ்.பி. கேபிள்கள் மின்னேற்ற மட்டுமே உதவும், தரவைக் கடத்தா. சரியான கேபிளால் மீண்டும் புதுப்பித்து, தொழிற்சாலை அமைப்புக்குத் திருப்பியும் மாறவில்லை என்றால் அனுப்ப வேண்டியதுதான்.

அறிகுறி 3: புதுக் கருவி பழையதைவிட ஆழம் குறைவாகப் பார்க்கிறது

இங்கே கருவிமேல் பழி போடும் முன் சோதனைக் குழியைப் பாருங்கள். நேற்றுத் தோண்டி, காசைப் போட்டு, மண்ணைத் தள்ளி மூடிய குழியில் மண் குலைந்திருக்கிறது. பல நூற்றாண்டுகளாக அசையாமல் கிடக்கும் காசைப் போல அது பேசாது. குழியை மேலிருந்து தோண்டாமல், பக்கவாட்டில் சாய்வாக ஒரு பிளாஸ்டிக் குழாயைச் செலுத்தி, அதன் வழியே ஒரு மெல்லிய குச்சியின் நுனியில் காசை ஒட்டி உள்ளே தள்ளுவது நல்ல முறை. காசின்மேல் இருக்கும் மண் கலையாமல் இருக்கும். குழாயை வெளியே இழுத்து எந்த நேரமும் காசை மாற்றலாம்.

அடுத்து காயிலின் அளவு. பதினோரு அங்குலக் காயிலையும் ஒன்பது அங்குலக் காயிலையும் ஆழத்தில் ஒப்பிடுவது நியாயமல்ல. அதன்பிறகு வீசும் விதம். வீச்சின் இரு முனையிலும் காயில் தரையிலிருந்து ஒரு சாண் எழும்பினால், அந்த ஒரு சாண் ஆழத்தை நீங்களே இழக்கிறீர்கள். நண்பர் ஒருவரைப் பக்கவாட்டில் நின்று பார்க்கச் சொல்லுங்கள். தன் வீச்சு எழும்புவது தனக்குத் தெரியாது. மீள்வேக அமைப்பு, அதாவது ஓர் இலக்கைக் காட்டிய பின் அடுத்ததற்குக் கருவி தயாராகும் வேகம், உயர்வாக இருந்தால் இரும்புக் குப்பைக்கு நடுவே காசைப் பிரித்தறியும், ஆனால் ஆழத்தில் கொஞ்சம் குறையும். புதுக் கருவிகளில் சில தொடக்க அமைப்பிலேயே அது உயர்வாக வைக்கப்பட்டிருக்கும். இரும்பைத் தள்ளும் அமைப்பும் அவ்வாறே. இரண்டையும் குறைத்துவிட்டு மறுபடி ஒப்பிடுங்கள்.

இவற்றுக்குப் பிறகும் பெருத்த வேறுபாடு தெரிந்தால் முதல் அறிகுறியில் சொன்ன காயில் மாற்றுச் சோதனையைச் செய்யலாம். ஆழம் குறைவு என்ற ஒரே காரணத்துக்காகப் பெரிய காயில் வாங்கிவிடாதீர்கள். இரும்பு நிறைந்த ரோமானியர் கால வயலில் அது உங்களுக்கு எதிராகவே வேலை செய்யும்.

அறிகுறி 4: சத்தம் வந்த இடத்தில் தோண்டினால் இலக்கு இல்லை, ஒரு கை தள்ளி இருக்கிறது

ஒரு காசை மேசை உயர மரப்பெட்டியில் வைத்து, காயிலை இடமிருந்து வலமாகவும் வலமிருந்து இடமாகவும் மெதுவாகக் கொண்டுசெல்லுங்கள். இரு முறையும் காசைத் தாண்டிய பிறகே, அதாவது ஒரு முறை வலப்பக்கமும் மறுமுறை இடப்பக்கமும் சத்தம் வந்தால் அது ஒலித் தாமதம். கம்பியில்லா ஹெட்போன்தான் காரணம். பாட்டுக் கேட்க வாங்கிய சாதாரண புளூடூத் ஹெட்போனில் இது இருந்தே தீரும். கம்பியுள்ள ஹெட்போனை மாட்டிப் பாருங்கள், அல்லது கருவியோடு வந்த தாமதம் குறைந்த ஹெட்போனைப் பயன்படுத்துங்கள். எந்தத் திசையில் வீசினாலும் சத்தம் ஒரே பக்கமாகத் தள்ளி வந்தால் அது தாமதம் அல்ல. காயில் ஒருபக்கம் சாய்ந்து பொருத்தப்பட்டிருக்கிறது, அல்லது நீங்கள் வேறு வகைக் காயிலின் மையத்துக்குப் பழகியிருக்கிறீர்கள்.

அறிகுறி 5: பின்பாயிண்டர் எதுவுமில்லாமலே கத்துகிறது

எங்கே வைத்து இயக்கினீர்கள் என்பதே முதல் கேள்வி. பின்பாயிண்டர், இயக்கும் கணத்தில் தன்னைச் சுற்றியிருப்பதை வெறுமை என்று எடுத்துக்கொள்கிறது. உறையில் இருக்கும்போதே, மண்வெட்டிக்கு அருகே இயக்கிவிட்டு வெளியே எடுத்தால் அதன் கணக்கு பிசகிவிடும். கையை நீட்டி, காற்றில் பிடித்து, அணைத்து மறுபடி இயக்குங்கள். அந்தக் கையில் மோதிரமோ கடிகாரமோ வேண்டாம். பல மாடல்களில் பொத்தானை ஒரு முறை சட்டென்று அழுத்தினாலே மறுசீரமைவு நடக்கும்.

டிடெக்டரை இயங்கியபடியே குழியின் ஓரத்தில் கிடத்திவிட்டு பின்பாயிண்டரைக் குழிக்குள் விட்டால் இரண்டும் ஒன்றையொன்று குழப்பும். பின்பாயிண்டர் விட்டுவிட்டுக் கத்தும். பல அலைவரிசை டிடெக்டர்களோடு இது கூடுதலாகத் தெரியும். காயில் உங்களுக்கு அப்பால் இருக்கும்படி டிடெக்டரைக் கிடத்துங்கள், அல்லது அணைத்துவிடுங்கள். ஒரு பின்பாயிண்டரை மற்றொன்றோடு ஒப்பிடும்போதும் ஒன்றை அணைத்தே வைக்க வேண்டும்.

நுனி மண்ணைத் தொட்டால் மட்டும் கத்துகிறது என்றால் உணர்திறன் மிகை. ஈரக் களிமண்ணிலும் உப்பு மணலிலும் இது சாதாரணம். ஒரு படி குறையுங்கள், அல்லது நுனியை மண்ணில் வைத்தபடி மறுசீரமையுங்கள். பிறகு பேட்டரி: காரெட் ப்ரோ-பாயிண்டர் ஏ.டி. போன்றவை 9 வோல்ட் பேட்டரியில் ஓடுபவை. மின்னேற்றத்தக்க 9 வோல்ட் பேட்டரிகளில் பல உண்மையில் 8.4 வோல்ட்டோ அதற்கும் குறைவோ தருகின்றன. புதிய அல்கலைன் பேட்டரி ஒன்றைப் போட்டுப் பார்த்த பின்னரே மேலே செல்லுங்கள்.

அதற்கும் கத்தினால் பேட்டரி மூடியின் ரப்பர் வளையத்தையும் நுனியையும் நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். பின்பாயிண்டரை நெம்புகோலாக்கிக் கல்லைப் புரட்டுபவர்கள் பலர். நுனிக்கு ஒரு விரல் மேலே மயிரிழை போன்ற விரிசல் அங்கேதான் தோன்றும். நகத்தால் வருடினால் தட்டுப்படும். விரிசல் வழியே நீர் புகுந்துவிட்டது என்றால் பழுதுபார்ப்பதைவிடப் புதியது வாங்குவதே பெரும்பாலும் குறைந்த செலவு.

அறிகுறி 6: டிடெக்டர் சொல்கிறது, பின்பாயிண்டர் பேசாமல் இருக்கிறது

அதிர்வு மட்டும் என்ற பயன்முறையில் இருக்கிறதா என்று பாருங்கள். தடித்த கையுறையில் அந்த அதிர்வு தெரியாது. அடுத்து, காசு அளவுப் பொருளுக்குப் பின்பாயிண்டர் எட்டும் தூரம் சில சென்டிமீட்டர்தான். குழி போதிய ஆழம் இல்லாமல் இருக்கலாம். குழியின்மேல் மீண்டும் டிடெக்டரை வீசுங்கள். குழியில் சத்தம் போய், எடுத்துப் போட்ட மண்மேட்டில் சத்தம் வந்தால் இலக்கு வெளியே வந்துவிட்டது. அந்த மண்கட்டிகளைப் பின்பாயிண்டர் நுனியின் பக்கவாட்டால் தொட்டுத் தொட்டுப் பாருங்கள், நசுக்காதீர்கள். மூன்றாம் ஹென்றி மன்னர் காலத்து வெள்ளிப் பென்னியை அரை பென்னியாகவும் கால் பென்னியாகவும் வெட்டிப் புழங்கிய துண்டுகள் மிகச் சிறியவை. முட்டையளவு களிமண் கட்டியின் நடுவில் செங்குத்தாக நின்றால் பின்பாயிண்டர் ஒரே ஒரு கோணத்தில் மட்டுமே முனகும்.

இரு இடத்திலும் சத்தம் இல்லை என்றால், துருவேறிய இரும்பு தோண்டும்போதே பொடிந்து போயிருக்கும். குழியை மூடிவிட்டு நகருங்கள். வெறும் காற்றில் வெண்கல இரண்டு பென்ஸுக்கு அருகே கொண்டுபோயும் பேசாத பின்பாயிண்டர்தான் பழுதானது.

அறிகுறி 7: பின்பாயிண்டர் குழியின் எல்லாப் பக்கமும் கத்துகிறது

இதை மட்டும் பொறுமையாகப் படியுங்கள். முதலில் குழிக்கு வெளியே காற்றில் மறுசீரமைத்து, உணர்திறனைக் குறைத்து மறுபடி விட்டுப் பாருங்கள். நுனி ஒரு பக்கச் சுவரில் மட்டும் கத்தினால் அங்கே ஓர் இலக்கு; மற்றவை எதிரொலிதான். அப்போதும் அடியிலும் நான்கு சுவரிலும் கத்துகிறது என்றால் கோளாறு கருவியில் இல்லை, குழியில் பெரிய உலோகம் இருக்கிறது. பெரும்பாலும் உழவுக் கலப்பையின் உடைந்த கொழுவாகவோ, இரும்புக் குழாயாகவோ இருக்கும். ஆனால் அடுத்து மண்வெட்டியை இறக்கும் முன் இரண்டு சாத்தியங்களை நினைக்க வேண்டும்.

உருண்டு திரண்ட, ஒரு முனை கூம்பிய, அல்லது வால் சிறகு உள்ள இரும்பு தெரிந்தால் கையை எடுத்துவிடுங்கள். இரண்டாம் உலகப் போரின் வெடிக்காத குண்டுகள் இந்நாட்டு வயல்களில் இன்னமும் கிடைக்கின்றன. தொடாமல், இடத்தை அடையாளமிட்டு, விலகி வந்து 999க்கு அழைத்துக் காவல்துறையிடம் சொல்லுங்கள்.

இரும்பல்லாத நல்ல எண் காட்டி, ஒன்றிரண்டு காசுகள் அடுத்தடுத்து வெளிவந்து, பின்பாயிண்டர் இன்னும் எல்லாப் பக்கமும் கத்தினால் அது ஒரு வைப்பாக, அதாவது யாரோ ஒரே இடத்தில் மொத்தமாகப் புதைத்து வைத்த செல்வமாக, இருக்கலாம். 1992 நவம்பரில் சஃபோக் மாவட்டத்தின் ஹாக்ஸன் ஊரில் எரிக் லாஸ் என்பவர், வயலில் தொலைந்த சுத்தியல் ஒன்றைத் தேட டிடெக்டரோடு போய், ரோமானியர் கால வைப்பின்மேல் நின்றார். முழுவதையும் தோண்டி அள்ளாமல், நிறுத்திவிட்டு அதிகாரிகளுக்குத் தெரிவித்தார். மறுநாளே தொல்லியலாளர்கள் வந்து முறைப்படி அகழ்ந்ததால், ஏறத்தாழ 15,000 காசுகளும் தங்க நகைகளும் வெள்ளிக் கரண்டிகளும் பெட்டிக்குள் எப்படி அடுக்கப்பட்டிருந்தன என்பதுகூடத் தெரியவந்தது. அந்தச் சுத்தியலும் கிடைத்தது; அது இப்போது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பின்பாயிண்டர் அடங்க மறுக்கும் குழியில் நீங்கள் அழைக்க வேண்டிய நிபுணர் பழுதுபார்ப்பவர் அல்லர், மண்ணில் கிடைக்கும் தொல்பொருள்களைப் பதிவுசெய்யும் உங்கள் மாவட்டத்தின் கண்டெடுப்புத் தொடர்பு அலுவலர். 1996ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, புதையலாக இருக்கக்கூடியதைக் கண்ட 14 நாள்களுக்குள் கரோனருக்கு (புதையல் பற்றி விசாரிக்கும் அதிகாரி) தெரிவிக்க வேண்டும். அந்த அலுவலரே அதற்கு வழிகாட்டுவார். இதைப் படித்துவிட்டுத் தமிழ்நாட்டில் கருவி வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு சொல்: அங்கே 1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டம் நடப்பில் இருக்கிறது, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலைக்கூட மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவித்தாக வேண்டும்.

அறிகுறி 8: நீரில் இறக்கியதும் கருவி மௌனமாகிறது

காயிலுக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டிக்கும் இடையே கம்பியே இல்லாத டியூஸ் 2 போன்ற கருவியில் இது பழுதல்ல. அந்த வானொலி அலை நீரைக் கடந்து செல்லாது. அதற்கென உள்ள ஆன்டெனாக் கம்பியைத் தண்டோடு இணைத்த பின்னரே நீரில் இறக்க வேண்டும். கம்பியுள்ள கருவி மௌனமானால் உடனே வெளியே எடுத்து அணையுங்கள். எக்வினாக்ஸ் 800 கருவிக்கு 3 மீட்டர், 900க்கு 5 மீட்டர், டியூஸ் 2 கருவிக்கு 20 மீட்டர் என ஆழ வரம்புகள் வேறுபடுகின்றன. ஹெட்போன் துளையின் மூடி திறந்திருந்தால் எந்த வரம்பும் காப்பாற்றாது. திரைக்குப் பின்னால் பனி படர்ந்தது போலத் தெரிந்தால் நீர் புகுந்துவிட்டது. மின்னேற்றாதீர்கள், திறக்காதீர்கள், அடுப்பருகே வைக்காதீர்கள். திருகைத் தொட்டால் உத்தரவாதம் போய்விடும்.

அறிகுறி 9: மின்னேற்றம் ஆகவில்லை

காந்தத்தில் ஒட்டும் மின்னேற்றுக் கேபிளின் முனையை உருப்பெருக்கியில் பாருங்கள். வயல்மண்ணிலுள்ள இரும்புத்தூள் அந்தக் காந்தத்தில் மீசைபோல் சிலிர்த்து நின்று, தொடுமுனைகளை ஒன்றோடொன்று இணைத்துவிடும். ஒட்டுநாடாவால் ஒற்றி எடுத்து, தொடுமுனையில் பச்சை இருந்தால் பழைய பல்துலக்கியில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டுத் தேயுங்கள். பிறகு கேபிள், பிறகு மின்மாற்றி, பிறகே பேட்டரி. பெட்டியின் உடல் புடைத்திருப்பது போலத் தோன்றினால் அதோடு நிறுத்தி, விற்பனையாளருக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள். புடைத்த லித்தியம் பேட்டரியை அஞ்சலில் போடக் கூடாது.

அனுப்பியே தீர வேண்டும் என்றால்

இங்கே 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, கடையில் வாங்கிய பொருள் பழுதென்றால் 30 நாள்களுக்குள் திருப்பிக் கொடுத்து முழுத் தொகையையும் கேட்கலாம். அதன்பிறகு பழுதுபார்க்கவோ மாற்றித் தரவோ அவர்களுக்கு ஒரு வாய்ப்பு தந்தாக வேண்டும். ஆகவே மேலே சொன்ன சோதனைகளை வாங்கிய முதல் இரண்டு வாரங்களிலேயே செய்துவிடுங்கள். திறந்த வெளியில், வேறெந்தக் கருவியும் அருகில் இல்லாமல், கோளாறு நிகழும்போது ஒரு நிமிடக் காணொளி எடுங்கள். அதைக் கைப்பேசியால் எடுக்கும்போது அது விமானப் பயன்முறையில் இருப்பதை முதலில் திரையில் காட்டிவிடுங்கள், இல்லையென்றால் கைப்பேசிதான் காரணம் என்று பதில் வரும். மாடல், வரிசை எண், மென்பொருள் பதிப்பு, எந்தக் காயிலோடு எந்தப் பயன்முறையில் நேர்ந்தது, எவற்றை மாற்றிப் பார்த்தீர்கள் என்பவற்றை ஒரு தாளில் எழுதிப் பெட்டிக்குள் வையுங்கள். காயிலின் அடியுறையையும் நீங்கள் தனியாக வாங்கிய ஹெட்போனையும் கழற்றி வீட்டிலேயே வைத்துக்கொண்டு, மண் ஒட்டாமல் துடைத்த கருவியை மட்டும் அனுப்புங்கள்.